குளிர் தாங்கும் நாரத்தை இனமும் கொங்கு மலைகளின் ஆரஞ்சும்

எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி, நாரத்தை, பம்பளிமாஸ் ஆகிய பழமரங்கள் சிட்ரஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் பெரும்பாலானவை உறைபனியைத் தாங்காதவை. ஆயினும் இப்பேரினத்திலும் அதற்கு மிக நெருங்கிய உறவுகளிலும், உறைநிலைக்குக் கீழான குளிரிலும் உயிர்வாழும் சில மரங்கள் உண்டு. அவை குளிர் தாங்கும் நாரத்தை இனங்கள் எனப்படுகின்றன. மூவிலை நாரத்தை, யூசு, கும்குவாட், சத்சுமா ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. குளிர்நாடுகளிலும் ஆரஞ்சு விளைவிக்க வேண்டும் என்ற விருப்பத்தால் இவற்றின் மீது நூற்றாண்டுக் கணக்கில் முயற்சிகள் நடந்தன. அம்முயற்சிகளில் கிடைத்த பெரும்பயன் பழத்தில் இல்லை, வேரில் இருந்தது. உறைபனியையே காணாத கொங்குச் சமவெளிக்கும் அதைச் சூழ்ந்த மலைகளுக்கும் இந்த வரலாறு தொடர்புடையதாவது அந்த வேரினால்தான்.

பெயரும் குடும்பமும்

சிட்ரஸ் பேரினம் ரூட்டேசியே என்னும் தாவரக் குடும்பத்தில் அடங்கும். கொங்கு நாட்டவர் அன்றாடம் காணும் பல மரங்கள் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. சிவன் கோயில்களின் வில்வம், விளா, வீட்டுக்கு வீடு வளரும் கறிவேப்பிலை, காட்டு எலுமிச்சை என்றும் வழங்கும் குருந்து ஆகியவை இவ்வகையின. இலையைக் கசக்கினால் எழும் மணமே இவற்றின் உறவைக் காட்டும். இலையிலும் தோலிலும் உள்ள நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகளே அம்மணத்திற்குக் காரணம்.

‘ஆரஞ்சு’ என்ற சொல் ஐரோப்பிய மொழிகளின் வழியாகத் தமிழுக்கு வந்தது. ஆனால் அச்சொல்லின் பழைய வடிவம் வடமொழியின் ‘நாரங்க’ என்பதாகும். அது திராவிட மொழிகளிலிருந்து வடமொழிக்குச் சென்றிருக்கலாம் என்றும், தமிழின் ‘நாரத்தை’ அதனோடு உறவுடையது என்றும் மொழியியலாளர் பலர் கருதுகின்றனர். பாரசீகம், அரபு, இசுபானியம் எனப் பல மொழிகளைக் கடந்து அச்சொல் வேறு வடிவில் மீண்டும் தமிழகம் வந்து சேர்ந்தது. இக்கட்டுரையில் ‘நாரத்தை இனம்’ என்பது சிட்ரஸ் வகைகள் அனைத்தையும் குறிக்கும்.

இவ்வினத்தில் எத்தனை சிற்றினங்கள் உள்ளன என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. அமெரிக்கரான வால்டர் டி. சுவிங்கிள் 16 சிற்றினங்களே உண்டு என்றார். ஜப்பானியரான தனாகா 162 சிற்றினங்களைப் பட்டியலிட்டார். நாரத்தை இனங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலந்து புதிய வகைகளைத் தருவதே இக்குழப்பத்திற்குக் காரணம். குளிர் தாங்கும் மரங்களைச் சுவையான பழமரங்களோடு கலக்க முடிந்ததும் இதே இயல்பினால்தான்.

தோற்றமும் வடக்கு நோக்கிய பயணமும்

நாரத்தை இனத்தின் தாயகம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம். இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்கள், மியான்மாரின் வடபகுதி, சீனாவின் யுன்னான் ஆகியவை இதில் அடங்கும். மரபணு வரிசைகளை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியிலிருந்து இவ்வினம் பல கிளைகளாகப் பிரிந்து பரவியது எனக் காட்டியது. மேகாலயத்தின் காரோ மலைகளில் காட்டு நாரத்தை இனமான சிட்ரஸ் இண்டிகா இன்றும் வளர்கிறது. அதைக் காக்க அங்குள்ள நோக்ரெக் பகுதியில் 1980களில் ஒரு மரபுவளக் காப்பிடம் அமைக்கப்பட்டது.

இங்கிருந்து தெற்கே சென்ற மரங்கள் குளிரை அறியாமல் வளர்ந்தன. கிழக்கிலும் வடக்கிலும் பரவியவை சீனாவின் மிதவெப்பப் பகுதிகளில் கடுங்குளிரைச் சந்தித்தன. அங்கு தழைத்ததே மூவிலை நாரத்தை. ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகள் இருப்பதால் இப்பெயர் பொருந்தும். 1763இல் லின்னேயசு இதற்கு சிட்ரஸ் டிரைபோலியேட்டா எனப் பெயரிட்டார். பின்னர் இது பான்சிரஸ் என்ற தனிப் பேரினமாகவும் வகைப்படுத்தப்பட்டது. மற்ற நாரத்தை மரங்கள் ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும். இதுவோ குளிர்காலத்தில் இலைகளை முழுவதும் உதிர்த்து, முள் நிறைந்த வெறுங்கிளைகளோடு உறங்கும். பழம் சிறியது, விதை மிகுந்தது, கசப்பானது.

சீனாவில் நாரத்தை வளர்ப்பு மிகப் பழமையானது. ஹான் யென்சி என்பவர் 1178இல் வென்சௌ பகுதியின் ஆரஞ்சு வகைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதில் 27 வகைகள் விவரிக்கப்பட்டுள்ளன. குவாய் ஆற்றுக்குத் தெற்கே வளரும் ஆரஞ்சை வடக்கே கொண்டுபோய் நட்டால் அது மூவிலை நாரத்தையாக மாறிவிடும் என்ற வழக்கும் அந்நாட்டில் பழங்காலம் முதல் உண்டு. ஒரு மரம் இன்னொன்றாக மாறுவதில்லை. ஆனால் ஆரஞ்சு வாழும் நிலத்திற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும், அந்த எல்லையை வகுப்பது குளிரே என்பதையும் அவ்வழக்கு சரியாகவே சொல்கிறது.

குளிர் மரத்தை என்ன செய்கிறது

நாரத்தை மரங்கள் ஏறத்தாழ 13 பாகை செல்சியசுக்குக் கீழே வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். அதனால் கேடில்லை. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இலையின் திசுக்களுக்கு இடையே உள்ள நீர் பனிக்கட்டியாகிறது. அப்பனிக்கட்டி உயிரணுக்களுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. நீரிழந்த உயிரணுவின் சவ்வு சிதைந்து, பனி உருகிய பின் இலை வெந்தது போலத் துவண்டு கருகுகிறது.

நன்கு வளர்ந்த மரங்கள் தாங்கக்கூடிய குளிரின் தோராய அளவு வருமாறு. எல்லா எண்களும் உறைநிலைக்குக் கீழான செல்சியசு பாகைகளைக் குறிக்கும்.

எலுமிச்சை: 2 முதல் 3 வரை
சாத்துக்குடி, ஆரஞ்சு: 4 முதல் 6 வரை
சத்சுமா, கும்குவாட்: 8 முதல் 10 வரை
யூசு: 10ஐ ஒட்டி, சில வேளை அதற்குச் சற்றுக் கீழும்
மூவிலை நாரத்தை: 20ஐயும் கடந்து

இந்த அளவுகள் மாறாதவை அல்ல. பகல் குறைந்து, வாரக்கணக்கில் குளிர் சிறிது சிறிதாகக் கூடும்போது மரம் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்கிறது. உயிரணுக்களில் சர்க்கரையும் காப்புப் புரதங்களும் சேர்கின்றன, வளர்ச்சி நிற்கிறது. இதைக் குளிர்ப் பழக்கம் எனலாம். இப்பழக்கம் இல்லாதபோது, மூவிலை நாரத்தைகூட மேலே சொன்ன அளவில் பாதியைத் தாங்காது.

குளிர் முற்றிலும் பகையும் அல்ல. ஆரஞ்சின் தோல் பச்சை நீங்கி நிறம் பெறுவதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். சமவெளியில் விளையும் சாத்துக்குடி நன்கு பழுத்த பின்னும் பச்சையாகவே சந்தைக்கு வருவதற்கும், மலை ஆரஞ்சு செம்மஞ்சள் நிறம் பெறுவதற்கும் இதுவே காரணம். பூப்பிடிப்பதற்கும் சிறிது குளிரோ வறட்சியோ தேவை. ஆகவே நல்ல ஆரஞ்சுக்கு வேண்டியது உறைபனி இல்லாத குளிர்.

குளிர்நாடுகளின் முயற்சிகள்

ஐரோப்பியர் முதலில் கையாண்ட வழி மரத்தைக் குளிரிலிருந்து மறைப்பது. மரங்களைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து, குளிர்காலத்தில் கண்ணாடிச் சன்னல்கள் கொண்ட கூடங்களுக்குள் வைத்தனர். பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 1684–86இல் கட்டப்பட்ட ஆரஞ்சுக்கூடம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இது அரசர்க்குரிய வழி, உழவர்க்குரியதன்று.

ஜப்பானியர் வேறு வழி கண்டனர். விதையில்லாத சத்சுமா ஆரஞ்சை மூவிலை நாரத்தையின் வேரில் ஒட்டுக்கட்டி வளர்த்தனர். குளிர்காலத்தில் உறங்கும் இயல்புள்ள வேர், மேலுள்ள மரத்தையும் வளர்ச்சியை நிறுத்தித் தூங்கச் செய்தது. அதனால் மரத்தின் குளிர் தாங்கும் ஆற்றல் கூடியது. சத்சுமா 1870களில் அமெரிக்காவிற்குச் சென்றது.

அமெரிக்காவின் வேளாண்மைத் துறையைச் சேர்ந்த வில்லியம் சாண்டர்சு 1869இலேயே மூவிலை நாரத்தையைத் தம் நாட்டிற்கு வரவழைத்திருந்தார். அதன் தேவை 25 ஆண்டுகள் கழித்துப் புலப்பட்டது. 1894 திசம்பரிலும் 1895 பிப்ரவரியிலும் புளோரிடாவை அடுத்தடுத்துத் தாக்கிய கடுங்குளிர், அம்மாநிலத்தின் ஆரஞ்சுத் தோட்டங்களுள் பெரும்பகுதியை அழித்தது. முதல் குளிருக்குப் பின் மரங்கள் புதுத் தளிர் விட்டிருந்தன. இரண்டாம் குளிர் அந்தத் தளிர்களோடு மரங்களையும் கொன்றது.

இதன் பின் சுவிங்கிளும் ஹெர்பர்ட் வெப்பரும், குளிர் தாங்கும் இனிய ஆரஞ்சை உருவாக்க முனைந்தனர். இனிப்பு ஆரஞ்சையும் மூவிலை நாரத்தையையும் கலந்து அவர்கள் பெற்ற கலப்பினங்களுக்கு சிட்ரேஞ்சு என்று பெயர். அவை ஆரஞ்சைவிட அதிகக் குளிரைத் தாங்கின. ஆனால் மூவிலை நாரத்தையின் கசப்பும் நெடியும் பழத்தில் தங்கிவிட்டன. உண்ணும் பழமாக அவை சந்தையைப் பிடிக்கவில்லை.

கோவைக் கரும்பு: ஓர் ஒப்பீடு

காட்டு இனத்தின் வலிமையைப் பயிரின் இனிமையோடு சேர்க்கும் இதே முயற்சி அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோயம்புத்தூரிலும் நடந்தது. 1912இல் இங்கு தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சார்லசு பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும், தடித்த இனிய கரும்பையும் ஆற்றோரங்களில் வளரும் காட்டு நாணலையும் கலந்தனர். அதில் பிறந்த கோ 205 என்ற வகை 1918இல் வெளியிடப்பட்டது. தென்னகத்துக் கரும்பு தழைக்காத, குளிர்காலம் கடுமையான பஞ்சாபுக்காக உருவாக்கப்பட்ட வகை அது. அங்கு நன்கு விளைந்தது.

கரும்பில் வென்ற முறை ஆரஞ்சில் ஏன் தோற்றது? கரும்பு, சாறு பிழிந்து காய்ச்சப்படும் பயிர். காட்டினத்தின் நார்த்தன்மையை ஆலை நீக்கிவிடும். ஆரஞ்சோ அப்படியே சுளை பிரித்து உண்ணப்படுவது. கசப்பின் சிறு சாயலும் அதற்குக் குறையாகும். கரும்பில் மூன்று, நான்கு தலைமுறைக் கலப்பைச் சில ஆண்டுகளில் முடிக்கலாம். நாரத்தை மரம் விதையிலிருந்து முளைத்துக் காய்க்கவே பல ஆண்டுகள் ஆகும்.

ஆயினும் சிட்ரேஞ்சு முயற்சி வீணாகவில்லை. 1909இல் கலக்கப்பட்ட இரு நாற்றுகள் பின்னாளில் டிராயர், கரிசோ என்ற பெயர்களில் உலகெங்கும் வேர்ச்செடிகளாகப் பரவின. 1907இல் பப்ளிமாசு வகையான கிரேப்புரூட்டோடு மூவிலை நாரத்தையைக் கலந்து பெற்ற நாற்று, சுவிங்கிள் சிட்ருமெலோ என்ற பெயரில் 1974இல் வெளியிடப்பட்டது. பழமாகத் தோற்றவை, மண்ணுக்கடியில் வென்றன.

கொங்கு நாட்டில் குளிரின் எல்லை

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு சமவெளிகளில் உறைபனி இல்லை. ஆனால் இங்கிருந்து பார்த்தாலே தெரியும் நீலகிரியின் உச்சியில் உறைபனி உண்டு. உயரம் ஒவ்வொரு 100 மீட்டர் கூடும்போதும் வெப்பநிலை ஏறத்தாழ 0.6 பாகை குறைகிறது. எனவே மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் செல்லும் சாலையில் சில மணி நேரத்திற்குள் வெப்பமண்டலத்திலிருந்து உறைபனி நிலம் வரை பயணம் செய்யலாம்.

இச்சரிவை மூன்று பட்டைகளாகப் பிரிக்கலாம். சமவெளியிலும் அடிவாரத்திலும் எலுமிச்சையும் நாரத்தையும் வளர்கின்றன. ஏறத்தாழ 500 முதல் 1,500 மீட்டர் வரையிலான நடுச்சரிவு கமலா ஆரஞ்சுக்கு உரியது. அங்கு இரவு குளிரும், ஆனால் உறைவதில்லை. உதகை இருக்கும் 2,240 மீட்டரை ஒட்டிய உயரங்களில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும். அங்கு தேயிலையும் மலைக்காய்கறியுமே கருகும்போது ஆரஞ்சுக்கு இடமில்லை.

நீலகிரியின் உறைபனிக்குத் தனித்தன்மை உண்டு. மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானதால் சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. ஆகவே அதே உயரத்தில் மேட்டில் உள்ள செடி பிழைக்கும், பள்ளத்தில் உள்ளது கருகும். பகலிலோ வெயில் ஏறி 20 பாகையைத் தொடும். 11 பாகை வட அகலாங்கில் இருக்கும் இப்பகுதியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரத்திற்கும் குறைவு. எனவே மரங்கள் குளிருக்குப் பழகி உறங்குவதற்கான அறிகுறிகள் இங்கு தெளிவாகக் கிடைப்பதில்லை. ஜப்பானில் உறங்கி உறைபனியைக் கடக்கும் மரம், இங்கு தளிரோடு விழித்திருந்து அதைச் சந்திக்க நேரும். குளிர் தாங்கும் வகையைக் கொண்டுவந்து நட்டாலே மலையுச்சியில் ஆரஞ்சு விளையும் என்று எதிர்பார்க்க முடியாததற்கு இதுவே காரணம்.

மலைத் தோட்டங்களின் வரலாறு

நீலகிரி 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. பிரித்தானியர் தம் நாட்டுப் பழங்களை மலையுச்சியிலும், வெப்பமண்டலப் பழங்களை அடிவாரத்திலும் வளர்க்க முயன்றனர். குன்னூர் சாலையில் உள்ள பர்லியார் தோட்டம் 1871இல் அரசின் கைக்கு வந்தது. மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறு பழப்பண்ணை 1900இல் தொடங்கப்பட்டது. மங்குசுத்தான், துரியன், கிராம்பு போன்ற ஈரவெப்ப நிலத்து மரங்களுக்கு இவை பெயர்பெற்றன. குன்னூரில் 1920இல் பழவியல் நிலையம் அமைந்தது. இவ்வாறு ஒரே மலைச்சாலையில் அடிவாரம், நடுச்சரிவு, மேல்மலை என மூன்று தட்பவெப்பங்களுக்கும் பண்ணைகள் அமைந்தன.

கொங்கின் கிழக்கில் சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலையில், 1820களில் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் காலத்தில் காபியும் பழமரங்களும் வந்தன. 1,500 மீட்டரை ஒட்டிய ஏற்காட்டின் ஆரஞ்சு பின்னாளில் பெயர்பெற்றது. நாமக்கல்லின் கொல்லிமலையிலும் ஆரஞ்சு வளர்ந்தது. பழைய எல்லை வழக்கில் கொங்கின் தென்னெல்லையாகக் கூறப்படும் பழனியை அடுத்த கீழ்ப்பழனி மலைகளில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு வட்டாரங்களில் ‘கொடை ஆரஞ்சு’ காபிக்கு இடையே பயிரானது. இது குடகு ஆரஞ்சுக்கு மிக நெருங்கிய வகை.

இம்மரங்கள் பெரும்பாலும் விதையிலிருந்து வளர்க்கப்பட்டவை. கமலா ஆரஞ்சின் ஒரு விதையில் பல கருக்கள் இருக்கும். அவற்றுள் மகரந்தச் சேர்க்கையில் உருவானது ஒன்றே. மற்றவை தாய்த்திசுவிலிருந்தே தோன்றுவதால் தாயை அச்சாக ஒத்திருக்கும். அதனால் ஒட்டுக்கட்டாமலே தாய்மரத்தைப் போன்ற கன்றுகள் கிடைத்தன. காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் ஆனாலும் செலவில்லாத முறை இது. ஆனால் ஒவ்வொரு மரமும் தன் சொந்த வேரிலேயே நின்றது. அந்த வேர் தாங்காத நோய் வந்தால் மலை முழுவதும் ஒரே நேரத்தில் விழும் நிலை இருந்தது.

ஆரஞ்சு வீழ்ந்தது குளிரால் அல்ல

அந்நிலை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்தது. மரங்கள் உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்தன. இலை மஞ்சளித்தது, காய் சிறுத்தது. சில ஆண்டுகளில் மரம் பட்டது. நுனிக்காய்வு என்று பொதுவாக அழைக்கப்பட்ட இதற்குக் காரணம் ஒன்றன்று, பல.

முதலாவது டிரிசுடெசா நச்சுயிரி. இச்சொல்லுக்குப் போர்த்துகீசிய மொழியில் துயரம் என்று பொருள். 1930கள் முதல் தென்னமெரிக்காவில் கசப்பு ஆரஞ்சு வேரில் ஒட்டப்பட்ட மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றதால் இப்பெயர் பெற்றது. அசுவினிப் பூச்சிகள் இதைப் பரப்புகின்றன.

இரண்டாவது வேரழுகலும் பிசின் வடிதலும். பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரி ஈரமான மண்ணில் வாழ்ந்து, மரத்தின் அடிப்பட்டையையும் சல்லிவேர்களையும் அழிக்கிறது. மழை மிகுந்த காபித் தோட்டங்கள் இதற்கு ஏற்ற இடம்.

மூன்றாவது பசுமை நோய். சீனர் இதை மஞ்சள் தளிர் நோய் என்னும் பொருளில் ஹுவாங்லாங்பிங் என்பர். மரத்தின் உணவுக் குழாய்களில் வாழும் ஒரு பாக்டீரியா இதை உண்டாக்குகிறது. சைலிட் என்னும் சிறு சாறுறிஞ்சும் பூச்சி இதை ஒரு மரத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்கிறது. இந்தியாவில் நுனிக்காய்வு எனப்பட்ட கேட்டில் இந்நோய்க்குப் பெரும்பங்கு உண்டு என்பது 1960களில் தெளிவானது. இவற்றோடு மலை மண்ணில் துத்தநாகம் போன்ற நுண்ணூட்டக் குறைவும் சேர்ந்தது.

ஆரஞ்சு போன இடத்தில் காபி, மிளகு, வாழை, அவகாடோ ஆகியவை நின்றன. ஒரு பழத்தின் வரவு மறைந்ததோடு, காபி விலை விழும் ஆண்டுகளில் தாங்கிநின்ற இரண்டாம் வருவாயும் மலை உழவருக்கு இல்லாமற்போனது.

குளிர்நாட்டு வேரின் பயன்

குளிருக்காகத் தேடப்பட்ட மூவிலை நாரத்தையின் மதிப்பு இந்த இடத்தில்தான் தெரிகிறது. டிரிசுடெசா நச்சுயிரி இம்மரத்தில் பெருகுவதில்லை. அதற்கான மரபணுவை இது இயல்பாகவே கொண்டுள்ளது. பைட்டோப்தோராவையும் நன்கு எதிர்க்கிறது. வேரைத் தாக்கும் நூற்புழுக்களையும் தாங்குகிறது. இதன் மீது கட்டிய மரம் உயரம் குறைந்து, தரமான பழம் தருகிறது. குடகில் உள்ள செட்டள்ளி தோட்டக்கலை ஆய்வு நிலையம், குடகு ஆரஞ்சுக்கு ரங்பூர் எலுமிச்சையோடு இதனையும் வேர்ச்செடியாகப் பரிந்துரைத்தது. குடகில் உறைபனி ஒரு சிக்கலே அல்ல. அங்கு இவ்வேர் வேண்டப்பட்டது நோய்க்காகவே.

இதற்கும் வரம்புகள் உண்டு. மூவிலை நாரத்தையின் வேர் அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும். சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் அதனால் இரும்புச் சத்தை எடுக்க முடிவதில்லை. இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்றப் பகுதி வெளுத்துவிடும். எனவே மலைச்சரிவின் செம்மண்ணுக்கு இது பொருந்தும், கோவை, பல்லடம், உடுமலைப் பகுதிகளின் சுண்ணாம்புக் கரிசலுக்குப் பொருந்தாது. வறட்சியையும் இது அதிகம் தாங்காது. சமவெளிக்கு வறட்சியும் சுண்ணாம்பும் தாங்கும் ரங்பூர் எலுமிச்சையே ஏற்றது. மேலும் ஒட்டுக்குச்சியில் எக்சோகார்ட்டிசு என்னும் வைராய்டு மறைந்திருந்தால், மூவிலை நாரத்தையின் பட்டை உரிந்து மரம் குன்றிவிடும். ஆகவே வேர் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது, குச்சியும் நோயற்ற தாய்மரத்திலிருந்து வரவேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய வரம்பு பசுமை நோய். வேர் எதுவாயினும் மேலே உள்ள கமலா ஆரஞ்சை இந்நோய் தாக்கும். புளோரிடாவில் இது 2005இல் கண்டறியப்பட்டது. 2024–25 பருவத்தில் அம்மாநிலத்தின் ஆரஞ்சு விளைச்சல் 2003–04இல் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. 1895இன் கடுங்குளிரிலிருந்து மீண்ட தோட்டங்கள் இந்த நோயிலிருந்து இன்னும் மீளவில்லை. மூவிலை நாரத்தையும் அதன் கலப்பினங்கள் சிலவும் இந்நோயை ஓரளவு தாங்குவதால், நூறாண்டுக்கு முன் குளிருக்காகச் செய்த கலப்புகளை ஆய்வாளர் இன்று நோய்க்காக மீண்டும் ஆராய்கின்றனர்.

கறிவேப்பிலையும் சைலிட் பூச்சியும்

பசுமை நோயைப் பரப்பும் சைலிட் பூச்சிக்குக் கொங்கு நாட்டில் நன்கு அறிமுகமான இன்னொரு வாழிடம் உண்டு. அது கறிவேப்பிலை. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் நாரத்தையின் தளிரில் முட்டையிடும் இப்பூச்சி கறிவேப்பிலைத் தளிரிலும் முட்டையிடும். காரமடை, மேட்டுப்பாளையம் வட்டாரங்கள் கறிவேப்பிலைச் சாகுபடிக்குப் பெயர்பெற்றவை. அறுவடைக்காக அடிக்கடி வெட்டப்படும் செடி ஓயாமல் தளிர்விடும். தளிர் இருக்கும் வரை பூச்சியும் இருக்கும். நந்தியாவட்டை போல் வெண்பூப் பூக்கும் அழகுச்செடியான காட்டுக்கறிவேப்பிலையும் இப்பூச்சிக்கு இடம் தரும்.

எனவே ஆரஞ்சையோ எலுமிச்சையையோ புதிதாக நடுவோர், அருகே கறிவேப்பிலைத் தோட்டம் இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். நாற்றுகளைப் பூச்சி நுழையாத வலைக்கூடத்தில் வளர்த்தல், தளிர்விடும் பருவத்தில் பூச்சியைக் கண்காணித்தல், நோயுற்ற மரத்தைத் தயங்காமல் அகற்றுதல் ஆகிய மூன்றும் பசுமை நோய்க்கு எதிரான அடிப்படை நடவடிக்கைகள். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே ஒரு சாண் அளவாவது உயர்ந்திருக்கும்படி நடுவது வேரழுகலைத் தடுக்கும். நல்ல வேரின் மீது கட்டிய கன்றை ஒட்டு மூடும்படி ஆழமாக நட்டால், மேலுள்ள ஆரஞ்சின் பட்டை மண்ணைத் தொட்டு, வேரின் பயன் முழுவதும் கெட்டுவிடும்.

இன்றைய நிலை

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971இல் கோயம்புத்தூரில் உருவான பின், கீழ்ப்பழனி மலையில் தடியன்குடிசையிலும், சேர்வராயன் மலையில் ஏற்காட்டிலும் உள்ள அதன் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் மலைப்பயிர்களைக் கவனித்து வருகின்றன. கமலா ஆரஞ்சு இம்மலைகளிலிருந்து முற்றிலும் மறைந்துவிடவில்லை. காபிக்கும் மிளகுக்கும் இடையே அங்கங்கே காய்க்கிறது. ஆனால் சந்தையில் ‘கமலா’ என்று விற்கப்படும் பழத்தின் பெரும்பகுதி இப்போது நாக்பூர் முதலிய வெளியூர்களிலிருந்து வருகிறது.

குளிர் தாங்கும் நாரத்தை இனத்தின் வரலாறு இப்பகுதிக்குத் தரும் செய்தி, குளிர்நாட்டு மரத்தைக் கொண்டுவந்து மலையுச்சியில் நடலாம் என்பதன்று. ஆரஞ்சுக்கு ஏற்ற குளிர் கொங்கு மலைகளின் நடுச்சரிவில் இயற்கையாகவே உள்ளது. இல்லாமற்போனவை நோய் தாங்கும் வேரும் நோயற்ற கன்றும்தான். சீனத்துக் கடுங்குளிரில் இலையுதிர்த்து நின்ற, யாரும் விரும்பி உண்ணாத ஒரு முள்மரம் அவற்றுள் முதலாவதைத் தந்தது. இரண்டாவது, மலை உழவருக்குக் கன்று தரும் நாற்றங்கால்களின் கையில் உள்ளது.